பிள்ளையை அறிய ஆசிரியருக்கு நேரம் வேண்டும்

(ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கழித்தல் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 403-லிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். ஒரு பிள்ளை 375 என்று விடை எழுதுகிறது. சரியான விடை 225. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அந்த நோட்டில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும். ஆசிரியர் கை அடுத்த நோட்டுக்குப் போய்விடும். அதே பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, “இதை எப்படிப் போட்டே, சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். மூன்றிலிருந்து எட்டு போகாது, அதனால் எட்டிலிருந்து மூன்றை எடுத்தேன், ஐந்து. பூஜ்யத்திலிருந்து ஏழு போகாது, ஏழிலிருந்து பூஜ்யத்தை எடுத்தேன், ஏழு. நான்கில் ஒன்று போனால் மூன்று.

இந்தப் பிள்ளைக்குக் கவனக்குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று தானாக ஒரு விதியை வகுத்துக்கொண்டு, மூன்று இடத்திலும் அதைப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது. அதற்குப் பிடிபடாதது கடன் வாங்கிக் கழிப்பது, அதிலும் நடுவில் பூஜ்யம் வந்தால் எங்கே போய்க் கடன் வாங்குவது என்பது. இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் இருபதையும் இதே விதிப்படி போடும். நூறு குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துப் பத்துப் பத்தாகப் பிரித்து, அதில் ஒரு பத்தை அவிழ்த்து ஒன்றுகளாக்கிக் காட்டினால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

அந்தப் பத்து நிமிடம் யாரிடம் இருக்கிறது? அமெரிக்காவில் மைக்ரோ பள்ளி என்று பேசப்படும் ஏற்பாட்டை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட விரும்புகிறேன். பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கிறது என்று அறிய ஒரு பெரியவருக்கு நேரம் கிடைக்கிறதா? கிடைத்தால் அந்தப் பள்ளி நல்ல பள்ளி. கிடைக்காவிட்டால், பத்துப் பேர் இருந்தாலும் அது சிறிய அளவிலான பழைய பள்ளியே.

முதலில் அது என்ன ஏற்பாடு என்று பார்ப்போம். ஐந்து முதல் இருபது சொச்சம் பிள்ளைகள். ஆறு வயதும் பத்து வயதும் ஒரே அறையில். ஒரு பெரியவர், சில இடங்களில் இருவர். இடம் ஒரு வீட்டு முன்னறையாக இருக்கலாம். தேவாலயத்தின் கூடமாக, கடைத்தெருவில் காலியான ஒரு கடையாக, நூலகத்தின் ஓர் அறையாக இருக்கலாம். லாஸ் வேகாஸ் நகரிலிருந்து இயங்கும் நேஷனல் மைக்ரோஸ்கூலிங் சென்டர் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தரமான ஒரு மைக்ரோ பள்ளியில் 16 பிள்ளைகள் இருந்தார்கள்.

இது திடீரென்று முளைத்ததல்ல. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஆக்டன் அகாடமி 2009-இல் தொடங்கிவிட்டது. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில், எம்.ஐ.டி. பேராசிரியராக இருந்த செப் காம்வர் 2014-இல் கடைமுகப்பு ஒன்றில் வைல்ட்ஃப்ளவர் என்ற மாண்டிசோரிப் பள்ளியைத் தொடங்கினார். அரிசோனாவின் மேசா நகரில் கெல்லி ஸ்மித் என்பவர் 2018-இல் தம் வீட்டிலேயே ஏழு பிள்ளைகளை வைத்துத் தொடங்கியது பிரெண்டா என்ற நிறுவனமாக வளர்ந்தது. 2020-இல் கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒருவரை அமர்த்திப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வழக்கம் ஊர் ஊராகப் பரவியது. நெவாடாவில் வடக்கு லாஸ் வேகாஸ் மாநகராட்சியே அந்த ஆண்டு முன்வந்து, தன் கட்டடங்களில் ஒரு மைக்ரோ பள்ளியை நடத்தியது. பள்ளிகள் திறந்த பிறகும் ஒரு பகுதிப் பெற்றோர் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

ஒரு நாள் எப்படி நடக்கிறது? பிரெண்டாவின் முறையை எடுத்துக்கொள்வோம். அங்கே நாள் நான்கு பகுதி. காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, இன்று எதை முடிக்கப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்வது முதல் பகுதி. அடுத்தது தனிப்படிப்பு: கணக்கும் வாசிப்பும் கணினி வழியே, அவரவர் நிலைக்கு ஏற்ப. பத்து வயதுப் பையன் மூன்றாம் வகுப்புக் கணக்கில் இருக்கலாம், ஏழாம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்கலாம். இரண்டுக்கும் யாரும் முகம் சுளிப்பதில்லை. மூன்றாவது, கூடிப் பேசுவதும் சோதனை செய்து பார்ப்பதும். நான்காவது, கையால் எதையாவது உருவாக்குவது. நடத்துபவரை ஆசிரியர் என்று அழைப்பதில்லை, வழிகாட்டி என்கிறார்கள். அவருக்கு ஆசிரியர் சான்றிதழ் கட்டாயமில்லை.

இந்த ஏற்பாட்டின் தர்க்கம் தெளிவானது. பாடம் சொல்வதைக் கணினி பார்த்துக்கொள்ளும். அதனால் மிச்சமாகும் நேரம் பெரியவருக்குப் பிள்ளையோடு இருக்கக் கிடைக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் என் கழித்தல் கணக்கை நினைத்துப் பாருங்கள். 375 தவறு என்று கணினி நொடியில் சொல்லிவிடும். எளிய கணக்கு ஒன்றையும் கொடுக்கும். நல்ல மென்பொருளானால் தவறின் வகையைக்கூட ஊகித்துவிடும். பிள்ளையின் முகத்தைப் பார்த்து “எப்படிப் போட்டே?” என்று கேட்டு, வரும் விடைக்கு ஏற்ப அடுத்த கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியவர் அந்தப் பெரியவர். அவருக்குக் கடன் வாங்கும் கழித்தலில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். அன்பு இருந்தால் போதும் என்று இந்த இடத்தில் சொல்ல முடியாது. கற்பித்தல் பயின்று பெறும் தொழில். அது கையில் இல்லாதவருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும், பிள்ளை திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும், அவர் பிள்ளைக்குப் பின்னால் நின்றிருப்பார்.

இனி ஆசிரியர் பக்கம் வருகிறேன். மைக்ரோ பள்ளி தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் முன்பு பள்ளிகளில் வேலை பார்த்தவர்களே. ஏன் வெளியே வருகிறார்கள்? மாவட்ட நிர்வாகம் வகுத்த அட்டவணைப்படி இன்ன தேதிக்குள் இன்ன பாடம் முடிய வேண்டும், தேர்வுக்கு மேல் தேர்வு, பிள்ளைக்குப் புரியவில்லை என்று கண்ணெதிரே தெரிந்தும் நகர்ந்தே ஆக வேண்டிய நிலை. மனசாட்சி உள்ள ஆசிரியருக்கு அது பெரிய வேதனை. தானே ஒரு சிறு பள்ளி தொடங்கினால், பின்னத்தில் பிள்ளைகள் தடுமாறும்போது இரண்டு வாரம் அங்கேயே நிற்கலாம். அந்தச் சுதந்திரத்தின் ருசி அறிந்தவர் எளிதில் விடமாட்டார்.

ஆனால் கணக்கையும் பார்த்துவிடுவோம். அரிசோனாவில் எம்பவர்மென்ட் ஸ்காலர்ஷிப் அக்கவுன்ட் என்று ஒரு திட்டம் இருக்கிறது. பொதுப்பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு, அரசு செலவிட்டிருக்கக்கூடிய பணத்தின் பெரும்பகுதி பெற்றோர் கையாளும் கணக்குக்கு வரும். 2011-இல் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக வந்த திட்டம்; 2022-இல் ஆளுநர் டக் டூசி காலத்தில் மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடப்பட்டது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 7,000 டாலர். பத்துப் பிள்ளைகள் அதை அப்படியே கட்டணமாகக் கொடுத்தால் 70,000 டாலர். அதிலிருந்து வாடகை, காப்பீடு, மென்பொருள், புத்தகம் எல்லாம் போக மீதிதான் ஆசிரியர் சம்பளம். அரசுப்பள்ளி ஆசிரியருக்கு உள்ள மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் இங்கே இல்லை. ஆண்டு நடுவில் இரண்டு குடும்பம் ஊர் மாறினால் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே நாளில் காணாமல் போகும்.

பணத்தைவிட முக்கியமாக நான் கருதுவது நேரம். தலைமையாசிரியர், எழுத்தர், கணக்காளர், துப்புரவாளர், சேர்க்கைக்கு ஆள் பிடிப்பவர் எல்லாம் அவரே. தீயணைப்பு விதிக்காக ஒரு நாள், நகர மனையிட விதிக்காக ஒரு நாள், இது பள்ளியா குழந்தைகள் காப்பகமா என்று அதிகாரிக்கு விளக்க ஒரு நாள் போகும். சட்டமே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஜார்ஜியா 2021-லும் மேற்கு வர்ஜீனியா 2022-லும் யூட்டா 2024-லும் இந்தச் சிறு ஏற்பாடுகளுக்குத் தனிச் சட்டம் செய்தன. பல இடங்களில் இன்னும் வீட்டுக்கல்வி என்றோ தனியார் பள்ளி என்றோ ஏதாவது ஒரு பெயரில் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளையோடு உட்கார நேரம் தேடி வெளியே வந்த ஆசிரியரின் நேரத்தை இந்த வேலைகள் தின்றுவிடுகின்றன. வைல்ட்ஃப்ளவர் பள்ளிகள் இதற்கு ஓரளவு வழி கண்டிருக்கின்றன. அங்கே ஆசிரியர்களே பள்ளியை நடத்துகிறார்கள், ஆனால் தனியாக விடப்படுவதில்லை. ஒன்றோடொன்று பிணைந்த பள்ளிகள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. தனி ஆளாக நடத்தும் பள்ளி அந்த ஆள் காய்ச்சலில் படுத்தால் மூடிக்கிடக்கும். இரண்டு ஆசிரியர்களாவது சேர்ந்து நடத்தும் பள்ளிக்கே ஆயுள் அதிகம்.

அடுத்து, குடும்பங்கள். யார் தேடி வருகிறார்கள்? பள்ளியில் கேலிக்கு ஆளாகி, காலையில் எழுந்ததும் வயிற்றுவலி என்று சுருண்டுகொள்ளும் பிள்ளையின் தாய் வருகிறார். வகுப்பைவிட வேகமாகப் போகும் பிள்ளையின் தந்தை வருகிறார். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இரைச்சலில்லாத இடம் வேண்டும் என்று வருகிறார்கள். அரிசோனாவில் கருப்பினத் தாய்மார்கள், தங்கள் பிள்ளைகள் சிறு குற்றத்துக்கும் இடைநீக்கம் செய்யப்படுவதைக் கண்டு கொதித்து, ஒன்றுகூடித் தங்கள் மைக்ரோ பள்ளிகளைத் தாங்களே தொடங்கினார்கள். இவர்களில் யாரையும் வீம்பு பிடித்தவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளையை ஒருவராவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அதன் முகவாட்டத்தை யாராவது கவனிக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது.

சிறு பள்ளியில் அது கிடைக்கிறது. தம்பி நேற்றுவரை வாசிக்கத் தயங்கியவன் இன்று தானாகப் புத்தகத்தை எடுத்தான் என்று மாலையில் வாசலிலேயே தாய்க்குத் தெரிந்துவிடுகிறது. சின்னப் பிள்ளை பெரிய பிள்ளையைப் பார்த்துக் கற்கிறது. பெரிய பிள்ளை சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்தே தன் பாடத்தை உறுதி செய்துகொள்கிறது.

குறைகளையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். பத்துப் பேரில் தன் வயதுப் பெண் ஒருத்திதான் இருக்கிறாள், அவளோடு சண்டை வந்துவிட்டது என்றால் அந்தப் பிள்ளை வேறு எங்கே போகும்? பள்ளிப் பேருந்து இல்லை. காலையிலும் மாலையிலும் கொண்டுவிட்டு அழைத்துவர யாராவது வீட்டில் இருக்க வேண்டும். மதிய உணவு இல்லை. இரண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கும் தாயால் இதைத் தாங்க முடியாது. இன்னும் முக்கியமானது ஒன்று. அரிசோனாத் திட்டத்தில் பணம் பெறும் பெற்றோர், பொதுப்பள்ளி தம் பிள்ளைக்குக் கல்வி தரும் கடமையிலிருந்து விடுபடுகிறது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு 1975 முதல் நடுவண் அரசுச் சட்டம் உறுதி செய்துவரும் சிறப்புக் கல்வி உரிமைகளும் அந்தக் கையெழுத்தோடு பெரும்பாலும் கைவிட்டுப் போகின்றன. அந்த ஒப்பந்தத்தில் இவ்வளவு இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பணம் பெறும் பள்ளி மாநிலத் தேர்வை நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிள்ளை கற்றதா என்று வெளியார் ஒருவர் பார்த்துச் சொல்ல வழியில்லாமல் பொதுப்பணம் போய்க்கொண்டிருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. சிறிய பள்ளி என்பதால் பொறுப்பும் சிறியதாகிவிடாது.

“பணம் இல்லாததுதானே பிரச்சினை, முதலீடு வந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று ஒருவர் கேட்கலாம். அதற்கும் நடந்த கதை இருக்கிறது. கூகுளில் உயர் பதவியில் இருந்த மேக்ஸ் வென்டில்லா 2013-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆல்ட்ஸ்கூல் என்ற மைக்ரோ பள்ளிகளைத் தொடங்கினார். மார்க் சக்கர்பெர்க் உள்ளிட்டோரிடமிருந்து 17 கோடி டாலருக்கு மேல் திரண்டது. வகுப்பில் கேமராக்கள், பிள்ளை எதைக் கற்றது என்பதைப் பதிவு செய்யும் மென்பொருள், பொறியாளர் படை. 2017-இல் சில பள்ளிகளை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 2019-இல் பெயரையே மாற்றிக்கொண்டு, பள்ளி நடத்துவதை விட்டு மென்பொருள் விற்கும் நிறுவனமாகிவிட்டது. மூடப்பட்ட பள்ளிகளின் பெற்றோர் வேறு பள்ளி தேடி அலைந்தார்கள். அந்தப் பள்ளிகள் எந்திரத்தை வளர்க்கும் சோதனைக்கூடமாக இருந்தன. முதலீட்டாளர் எதிர்பார்த்த வேகத்தில் ஒரு பிள்ளையும் வளர்வதில்லை.

அப்படியானால் சின்ன வகுப்பில் பயனே இல்லையா? இருக்கிறது, உறுதியாக இருக்கிறது. டென்னசி மாநிலத்தில் 1985-இல் ஸ்டார் என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். நான்கு ஆண்டுகள், 79 பள்ளிகள், 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். சீட்டுக் குலுக்குவதுபோல் பிள்ளைகளைப் பிரித்து, சிலரை 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பிலும், சிலரை 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பிலும், வேறு சிலரை அதே பெரிய வகுப்பில் ஓர் உதவியாளரோடும் உட்காரவைத்தார்கள். சிறு வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறினார்கள். கருப்பினப் பிள்ளைகளுக்குப் பயன் இன்னும் கூடுதல். உதவியாளரைச் சேர்த்த பெரிய வகுப்பில் சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை. இந்த ஆய்வு நடந்தது அரசுப் பொதுப்பள்ளிகளில், பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கொண்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

இதைப் பார்த்துக் கலிஃபோர்னியா 1996-இல் அவசரமாகத் தொடக்க வகுப்புகளை எல்லாம் 20 பேருக்குக் குறைத்தது. ஆயிரக்கணக்கில் ஆசிரியர் வேண்டியிருந்தது. தகுதி முடிக்காதவர்களும் வகுப்பறைக்குள் வந்தார்கள். அனுபவசாலிகள் வசதியான பகுதிகளில் திறந்த இடங்களுக்கு மாறிப்போக, ஏழைப் பிள்ளைகளுக்குப் புதியவர்களே மிஞ்சினார்கள். எதிர்பார்த்த பயன் வரவில்லை. இரண்டு மாநிலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிவது இது: எண்ணிக்கையைக் குறைப்பது நேரத்தைத் தருகிறது, அந்த நேரத்தைக் கல்வியாக்குவது பயிற்சி பெற்ற ஆசிரியர்.

நமக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1789-இல் சென்னை எழும்பூர் ராணுவ ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இங்குள்ள ஒரு பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்து, மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார்; சென்னை முறை என்ற பெயரிலேயே அது பரவியது. நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை அரிச்சுவடியைப் பார்த்துக்கொண்டதால் வாத்தியாருக்கு மற்றப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது. இங்கிலாந்துக்குப் போய் அதே முறை, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியரை வைத்துச் செலவில்லாமல் நடத்தும் உபாயமாகிவிட்டது. திண்ணைப் பள்ளியைப் பொற்காலம் என்று நான் பாடவில்லை. பெண் குழந்தைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடம் கிடைக்கவில்லை. சிறிய பள்ளி தன் வாசலைத் தானே தீர்மானிக்கும்போது யார் வெளியே நிற்பார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அதனால்தான் பொதுப்பள்ளி என்ற ஏற்பாட்டை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியே ஒருமுறை இந்தத் திசையில் துணிந்து நடந்தது. ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையை எடுத்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவியது. உங்களில் பலர் அதை நடத்தியவர்கள். சுவரில் பிள்ளையின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. பாடம் அட்டை அட்டையாகப் பிரிந்து ஏணிப்படியில் நின்றது. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளைக்கே தெரியும். எழுந்துபோய் அட்டையை எடுத்து, அதில் உள்ள சின்னத்தைப் பார்த்து எந்தக் குழுவில் உட்காருவது என்று தீர்மானித்துக்கொள்ளும். ஆசிரியர் பாயில் உட்கார்ந்து, தம் உதவி தேவைப்படும் குழுவோடு இருப்பார். அந்த மணி நேரத்தில் அவருக்குப் பிள்ளையை அறிய நேரம் கிடைத்தது. ஆசிரியர் பற்றாக்குறையும் பதிவேட்டுச் சுமையும் இருந்த இடங்களில் அட்டையைப் பார்த்து எழுதுவதே சடங்காகிப்போனது என்பதையும் நாம் கண்டோம். காரணம் மறுபடியும் நேரம்தான்.

அமெரிக்க மாதிரியை இங்கே அப்படியே நட முடியாது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது. அந்தக் காவல் வேண்டியதுதான். அமெரிக்க மாதிரியை நடுவதற்கு நமக்கு அவசியமும் இல்லை. இருபது, முப்பது பிள்ளைகள் மட்டுமே படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகள் நம்மிடம் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பல ஈராசிரியர் பள்ளிகள். கட்டடம் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறார், காலை உணவும் மதிய உணவும் இருக்கின்றன, கட்டணம் இல்லை, எந்தப் பிள்ளைக்கும் கதவு மூடுவதில்லை. அரிசோனாத் தாய் 7,000 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு தேடும் பல பொருள்கள் நம் சிற்றூர்ப் பள்ளியில் ஏற்கெனவே இருக்கின்றன. நாமோ அதைச் சேர்க்கை குறைந்த பள்ளி என்று பெயரிட்டு, மூடலாமா, இணைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே இருக்கும் இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் எமிஸ் என்ற கல்வித் தகவல் பதிவு, கூட்டம், புள்ளிவிவரம் என்று போய்விட, மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒருசேரப் பார்க்கிறார்.

பெற்றோர்களே, எந்தப் பள்ளியானாலும், சேர்க்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளைக்கு ஒன்று புரியவில்லை என்றால் அதைக் கண்டுபிடிப்பவர் யார், எப்படி? அந்த ஆசிரியர் வராத நாளில், அல்லது இந்தப் பள்ளி நின்றுபோனால், என் பிள்ளையின் கதி என்ன? பிள்ளை கற்றதா என்பதை உங்களைத் தவிர வேறு யார் பார்க்கிறார்கள்? பளபளப்பான விளம்பரங்களில் இந்த மூன்றுக்கும் விடை இருக்காது. நேரில் கேட்டு வாங்குங்கள்.

ஆசிரியர்களே, சிறு வகுப்பு கிடைத்தவர்கள் அதைத் தண்டனையாக எண்ணாதீர்கள். எப்படிப் போட்டாய் என்று தினம் இரண்டு பிள்ளைகளையாவது கேளுங்கள். பெரிய வகுப்பில் இருப்பவர்கள், பிள்ளைகளையே ஒருவருக்கொருவர் ஆசிரியராக்கி உங்களுக்குக் கொஞ்சம் நேரத்தை மீட்டுக்கொள்ளுங்கள்.

அரசிடம் நாம் சேர்ந்து கேட்க வேண்டியது ஒன்று. எண்ணிக்கை குறைந்த பள்ளியை மூடாதீர்கள். வகுப்பறையை விட்டு ஆசிரியரை வெளியே இழுக்கும் வேலைகளை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். பல வகுப்பை ஒன்றாக நடத்தும் கலையில் அவருக்கு நல்ல பயிற்சி கொடுங்கள். அமெரிக்கப் பெற்றோர் சிலர் பொதுப்பள்ளியை விட்டு வெளியேறித் தேடுவதை நாம் பொதுப்பள்ளிக்குள்ளேயே உண்டாக்க முடியும். பணம் உள்ளவர் பிள்ளை, இல்லாதவர் பிள்ளை என்ற பேதமின்றி, ஒவ்வொரு பிள்ளையையும் நன்றாக அறிந்த ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். அதைச் சலுகையாகக் கேட்காமல் உரிமையாகக் கேட்போம். உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதுங்கள் என்று கேட்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.